அந்த வெண்புள்ளிக்குச் சிறகு உண்டு

இரவு வானத்தைக் கேமராவில் பிடித்து, “இது என்ன?” என்று கேட்டுப் பகிரும் நண்பர்களுக்கு,



மொட்டைமாடியில் முக்காலியை நிறுத்திவிட்டு விடிய விடிய வானத்தைப் பார்த்திருப்பவர்கள் நீங்கள். ஊர் உறங்கும் வேளையில் தலை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. அதனால் உங்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்போடுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் பகிரும் காணொளிகளில் வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டு, ஓசையில்லாமல், நம்ப முடியாத வேகத்தில் குறுக்கே போகும் உருண்டைகளில் பெரும்பாலானவை பறவைகள்.

இதை உங்களுக்கு வேறு பலரும் சொல்லியிருப்பார்கள். சொன்ன விதம்தான் சரியில்லை. “அட, வெறும் பறவைதான்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீங்களும் ஏமாற்றத்தோடு அந்தக் கோப்பை அழித்துவிடுகிறீர்கள். அந்த அழிப்புதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. வலசைப் பறவைகளில் பெரும்பகுதி இரவில்தான் பயணம் போகிறது. அந்தப் பயணத்தை நேரில் கண்டு எழுதியவர்கள் உலகெங்கும் கொஞ்சம். நம் தென்னிந்தியாவில் அதிலும் கொஞ்சம். உங்கள் கைபேசியிலும் ஹார்ட் டிஸ்கிலும் கிடப்பது அந்தப் பயணத்தின் பதிவு. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றும், அழிக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இத்தனை பக்கம்.

முதலில் கருவி. இரவுக் கேமரா என்று நாம் ஒரே பெயரில் சொல்பவை உண்மையில் மூன்று வேறு வேறு கருவிகள். வாசலில் மாட்டிய சிசிடிவி ஒன்று. இருட்டத் தொடங்கியதும் அதற்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பகலெல்லாம் அகச்சிவப்பு ஒளியைத் தடுத்துக்கொண்டிருந்த வடிகட்டி விலகும் சத்தம் அது. பிறகு லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடிகள் 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை வீசும். நம் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். எதிரே இருப்பது அந்த ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறதோ அதுவே படம். பச்சைக்கிளி அதில் பச்சையாக இருக்காது.

இரண்டாவது, ராணுவத்தார் தலைக்கவசத்தில் மாட்டிக்கொள்ளும் நைட் விஷன். நட்சத்திர வெளிச்சம், நிலா வெளிச்சம், தெருவிளக்கிலிருந்து சிதறும் வெளிச்சம் என்று இருக்கிற கொஞ்சத்தையே பல்லாயிரம் மடங்கு பெருக்கிப் பச்சைத் திரையிலோ வெள்ளைத் திரையிலோ காட்டும். மூன்றாவதுதான் தெர்மல் கேமரா. இதற்கு வெளிச்சமே வேண்டாம். ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப வெளியிடும் கதிரை, 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைநீளத்தில் இது வாங்கிக்கொள்கிறது. அந்தக் கதிரை சாதாரணக் கண்ணாடி விடாது என்பதால்தான் இதன் லென்ஸை ஜெர்மேனியத்தில் செய்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே கூகை உங்கள் வீட்டுக்கு மேலே பறந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். சிசிடிவியில் அது வெள்ளைத் துணி ஒன்று மிதந்து போவதாகத் தெரியும். நைட் விஷனில், கீழேயுள்ள ஊரின் வெளிச்சம் பட்ட வெளிர்வயிறு மட்டும் பச்சையாக மினுங்கும். தெர்மலில் முகமும் கால்களும் பளிச்சிட, முதுகு மங்கிக் கிடக்கும். காணொளியைப் பகிரும்போது எந்தக் கருவியில் எடுத்தது என்று சொல்லாவிட்டால், பார்க்கிறவர் எதைப் பார்க்கிறார் என்றே அவருக்குத் தெரியாது.

உங்களில் பலரும் இப்போது தெர்மல் வாங்கியிருக்கிறீர்கள். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பறவையின் உள்ளுடல் வெப்பம் ஏறக்குறைய 40, 41 டிகிரி செல்சியஸ், நம்மைவிடச் சூடு. ஆனால் கேமரா உள்ளுடலைப் பார்ப்பதில்லை, மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. அந்த மேற்பரப்பு இறகு. இறகின் வேலையே வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பது. அண்டார்டிகாவில் பேரரசப் பெங்குவின்களைத் தெர்மல் கேமராவில் படமெடுத்தவர்கள், அவற்றின் இறகுப் பரப்பு பெரும்பாலும் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்திருப்பதை 2013இல் வெளியிட்டார்கள். உள்ளே அத்தனை சூடான ஓர் உயிர். வெளியே பனியைப் போன்ற குளிர்ச்சி. கண்ணைச் சுற்றிய பகுதி, அலகு, கால் என்று இறகு மூடாத இடங்களில்தான் வெப்பம் கசிகிறது. பிரேசிலின் டோக்கோ டூக்கான் பறவையின் பேரலகு உடல் சூட்டை வெளியேற்றும் கருவியாகச் செயல்படுவதை 2009இல் கண்டுபிடித்தவர்களும் தெர்மல் படங்களை வைத்தே அதை நிறுவினார்கள். சூடு ஏறியதும் அலகுக்குப் பாயும் இரத்தம் கூடுகிறது. திரையில் அலகு மட்டும் பற்றிக்கொண்டு எரிகிறது.

பறக்கும் பறவைக்கும் இதே கணக்குத்தான். சிறகின் அடிப்பக்கத்தில், உடலோடு சேரும் இடத்தில் இறகு குறைவு. அதற்குப் பக்கத்தில் ஓயாது இயங்கும் நெஞ்சுத் தசை. எனவே சிறகை உயர்த்தும்போது அந்தச் சூடான பகுதி தெரிந்து புள்ளி பளிச்சிடும், இறக்கும்போது மங்கும். ‘துடிக்கும் ஒளி’ என்று நீங்கள் எழுதுவது பல சமயம் இதுதான். சிறகின் நுனி இறகுகளோ காற்றின் வெப்பத்திலேயே இருப்பவை. அருகில் போனால் அவையும் தெரியும். தொலைவில், கேமரா தானே வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும்போது, அவை கரைந்து உடல் மட்டும் மிஞ்சும். சிறகில்லாத முட்டை ஒன்று வானத்தில் போகும். “இதற்குச் சிறகே இல்லையே, எப்படிப் பறவையாகும்?” என்று கேட்கிறீர்கள். சிறகு இருக்கிறது. அது சூடாக இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் பிக்சல். 12 மைக்ரான் பிக்சலும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்ட ஒரு நல்ல தெர்மல் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டர் தொலைவில் அதன் ஒரு பிக்சல் 12 சென்டிமீட்டரை மூடிவிடும். மைனா அளவுப் பறவையின் உடல் அந்தத் தொலைவில் ஒன்று அல்லது இரண்டு பிக்சல். அதை நீங்கள் ஜூம் செய்யும்போது மென்பொருள் இடைவெளிகளை நிரப்பி அழகான உருண்டையாக்கித் தருகிறது. உருண்டை என்பது அந்தப் பொருளின் வடிவம் அல்ல. கேமராவால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை என்பதன் வடிவம்.

உருண்டையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிகிறது, அது ஏதோ காப்புப் புலம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். விளிம்புகளைத் தெளிவாக்கும் மென்பொருள், பிரகாசமான எதைச் சுற்றியும் அப்படி ஒரு கறுப்புக் கோட்டை இழுக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது: தொலைவில் உள்ள சூடான புகைபோக்கியையோ நிற்கும் மாட்டையோ எடுத்துப் பாருங்கள், அவற்றுக்கும் அந்த வளையம் இருக்கும். போய்க்கொண்டிருந்த புள்ளி ஒரு கணம் உறைந்து, பிறகு வேறிடத்தில் தோன்றுவதற்கும் விளக்கம் கேமராவுக்குள்ளேயே உண்டு. தெர்மல் கேமராக்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே ஒரு தகட்டை இறக்கித் தம் பிக்சல்களைச் சமன்செய்துகொள்கின்றன. அந்த அரை விநாடி படம் அசையாது, பறவை அசைந்துகொண்டேயிருக்கும். சமன்செய்து முடிந்ததும் அது இருக்கும் இடத்தில் தெரியும். கேமராவின் பக்கத்தில் நின்று காது கொடுத்தால் அந்தத் தகட்டின் சத்தம் கேட்கும். காணொளியில் ஒலியும் பதிவாகியிருந்தால் அதிலேயே இருக்கும்.

சிறகடிப்புக்கு வருவோம். அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளில் சிக்காமலிருக்க விநாடிக்கு 9 பிரேமுக்கு மேல் போகாமல் செய்யப்பட்ட தெர்மல் கேமராக்கள் சந்தையில் நிறைய உண்டு. விநாடிக்கு 9 முறை சிறகடிக்கும் பறவை அதன் முன்னே போனால், ஒவ்வொரு பிரேமிலும் சிறகு ஒரே இடத்தில் இருக்கும். சிறகடிக்காமல், விறைத்து நின்றபடி ஒரு பொருள் நகர்ந்து போவதாகத் தோன்றும். 10 முறை அடித்தால் விநாடிக்கு ஒருமுறை சோம்பலாக அடிப்பதாகத் தோன்றும். பல வாத்துகளும் சிறு பறவைகளும் இந்த எல்லைக்குள்தான் சிறகடிக்கின்றன. சிறு பறவைகள் இன்னொன்றும் செய்யும்: சில முறை அடித்துவிட்டுச் சிறகை மடக்கி ஒரு கணம் சும்மா பாயும், மறுபடி அடிக்கும். உங்கள் காணொளியில் ஒளி ஒரே சீராகவும் இல்லாமல் தாறுமாறாகவும் இல்லாமல், கொத்துக் கொத்தாகத் துடித்தால், அந்தத் துடிப்பைப் பிரேம் பிரேமாக எண்ணிப் பாருங்கள். எந்த வகைப் பறவை என்று அதிலிருந்து ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்விட்சர்லாந்தின் செம்பாக் பறவை ஆய்வு நிறுவனத்தில் பல பத்தாண்டுகளாக ராடார் எதிரொலியின் துடிப்பை வைத்துப் பறவைகளை வகைபிரித்து வருகிறார்கள்.

இனி வேகம். உங்களில் பெரும்பாலானோருடன் எனக்குள்ள உண்மையான கருத்து வேறுபாடு இதில்தான். “மணிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வேகம்” என்று தலைப்பிட்டுக் காணொளிகள் வருகின்றன. கேமராவால் வேகத்தை அளக்க முடியாது. கோணத்தை மட்டுமே அளக்க முடியும்: விநாடிக்கு இத்தனை டிகிரி. 50 மீட்டர் உயரத்தில், மணிக்கு 54 கிலோமீட்டர் என்னும் சாதாரண வேகத்தில் போகும் பறவை விநாடிக்கு ஏறக்குறைய 17 டிகிரி நகரும். அதே 17 டிகிரியை 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு பொருள் கடக்க வேண்டுமானால், அது மணிக்கு 10,800 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். திரையில் இரண்டும் ஒன்றே. தொலைவு தெரியாதவரை அந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது நம் விருப்பமே தவிர, அளவீடு ஆகாது.

அமெரிக்கக் கடற்படை விமானத்திலிருந்து 2015இல் எடுக்கப்பட்டு, 2020 ஏப்ரலில் பென்டகன் முறைப்படி வெளியிட்ட ‘கோ ஃபாஸ்ட்’ என்ற அகச்சிவப்புக் காணொளியை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு மேலே ஒரு சிறு புள்ளி விர்ரென்று போகும். நீர்ப்பரப்பை ஒட்டிப் பறப்பதாகவே பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் அந்தத் திரையின் ஓரங்களில் விமானத்தின் உயரம், கேமரா பார்க்கும் கோணம், பொருளின் தொலைவு எல்லாம் எண்களாக இருந்தன. நாசா அமைத்த தனி ஆய்வுக்குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் அந்த எண்களைக்கொண்டு பள்ளிக்கூட முக்கோணவியல் கணக்கைப் போட்டுக் காட்டியது. பொருள் இருந்தது 13,000 அடி உயரத்தில். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 மைல். விரைந்து போனது அதைப் பார்த்துக்கொண்டிருந்த விமானம். அது பறவை என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, நானும் சொல்ல வரவில்லை. எண்கள் இருந்ததால்தான் அந்தக் காணொளியை ஆராய முடிந்தது என்பதே நான் சொல்ல வருவது. உங்கள் காணொளிகளிலும் அப்படிச் சில எண்கள் இருக்க வேண்டும்.

நைட் விஷனில் எடுக்கிறவர்களுக்கு வேறு கதை. அதை நைட் விஷன் கருவிகள் கடைகளுக்கு வருவதற்கு முன்பே நடந்த ஒன்றைக்கொண்டு சொல்வதே பொருத்தம். 1951 ஆகஸ்ட் மாதம், டெக்சஸ் மாநிலத்தின் லப்பக் நகரில் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் இரவில் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அரைவட்டமாக அணிவகுத்த நீலப்பச்சை விளக்குகள் தலைக்கு மேலே ஓசையின்றிக் கடந்துபோயின. பின்னர் ஒரு கல்லூரி மாணவர் அவற்றைப் படமும் எடுத்தார். அமெரிக்க விமானப்படை விசாரித்தது. பக்கத்து ஊரான பிரவுன்ஃபீல்டில் ஒருவர் அதே நாட்களில் அதே விளக்குகளைப் பார்த்திருந்தார். ஆனால் அவர் பார்த்த கூட்டம் தாழ்ந்து வந்து அவர் வீட்டைச் சுற்றியது, குரலும் கொடுத்தது. உப்புக்கொத்தி இனப் பறவைகள் என்று அவர் அந்தக் குரலைக்கொண்டு அடையாளம் சொன்னார். லப்பக்கில் அப்போதுதான் பாதரச ஆவித் தெருவிளக்குகளைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சம் பறவைகளின் வெள்ளை வயிற்றில் பட்டுத் தெறித்தது என்பது விளக்கம். எல்லாக் காட்சிகளுக்கும் அது பொருந்துமா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆனாலும் பிரவுன்ஃபீல்டுக்காரரிடம் இருந்தது பேராசிரியர்களிடம் இல்லை: பறவைக் குரலை அறிந்த காது.

நம் ஊர் வானத்திலும் கீழிருந்து எழும் வெளிச்சம் குறைவில்லை. நைட் விஷனில் அது இன்னும் பெருகும். மூன்று கொக்குகள் சேர்ந்து போனால் ஒரு பெரிய கறுப்பு முக்கோணக் கலத்தின் மூன்று முனைகளாக மனம் அதை இணைத்துக்கொள்ளும். இரண்டு விஷயம் கவனியுங்கள். முக்கோணத்தின் பக்கங்கள் நீண்டு குறுகுகின்றனவா? நடுவே விண்மீன்கள் மறையாமல் தெரிகின்றனவா? ஆம் என்றால் அங்கே கலம் இல்லை. மூன்று உயிர்கள் ஒன்றையொன்று விடாமல் போய்க்கொண்டிருக்கின்றன. வௌவால்களையும் மறக்க வேண்டாம். பழந்தின்னி வௌவால் காகத்தைவிடப் பெரிய விரிப்போடு, சீரான சிறகடிப்பில் போகும். தென்னந்தோப்புப் பக்கம் எடுத்த காணொளிகளில் கணிசமானவை அவைதாம்.

சிசிடிவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருட்டில் அது ஒவ்வொரு பிரேமுக்கும் நெடுநேரம் ஒளியை வாங்குகிறது. இருபத்தைந்தில் ஒரு விநாடி என்று வைத்தால்கூட, அதற்குள் பறவை 60 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எனவே படம் இழுபட்டுக் கோலாகிறது. பூச்சிகள் இன்னும் வேகமாகச் சிறகடிப்பதால் அந்தக் கோலின் இருபுறமும் துடுப்பு முளைத்ததாகத் தெரியும். 1990களில் அமெரிக்காவில் இவற்றைப் ‘பறக்கும் கோல்கள்’ என்று புதிய உயிரினமாகவே சிலர் அறிவித்தார்கள்.

ஆனால் சிசிடிவியின் கூகைக் காணொளிகள் எனக்குக் கவலை தருகின்றன. நள்ளிரவில் வெள்ளை உருவம் மதில்மேல் வந்து அமர்கிறது, கண் மினுங்குகிறது, தலை முதுகுப்பக்கம் திரும்புகிறது. ‘பேய்’ என்ற தலைப்போடு அது ஊரெல்லாம் சுற்றுகிறது. ஏற்கெனவே ஆந்தையை அபசகுனம் என்று கல்லெறிகிற நாடு நம்முடையது. எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயலில் குச்சி நட்டு வைக்கும் உழவர்களும் இதே நாட்டில்தான் இருக்கிறார்கள். நீங்கள் போடும் தலைப்பு இவ்விரண்டில் ஒரு பக்கத்துக்குத் துணை போகிறது. அது எந்தப் பக்கம் என்று யோசித்துவிட்டுத் தலைப்பிடுங்கள். அந்தப் பறவையின் உயிர் அதில் இருக்கிறது.

உங்களுக்கு முன்னால் இதே குழப்பத்தில் நின்றவர்களின் வரலாறு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ராடார்த் திரைகளில் விமானம் இல்லாத இடத்தில் எதிரொலிகள் தென்பட்டன. ராடாரை இயக்கியவர்கள் அவற்றுக்குத் ‘தேவதைகள்’ என்று பெயரிட்டார்கள். போர்க்கால ராடார்ப் பணியில் இருந்த டேவிட் லாக், ஜார்ஜ் வார்லி என்ற இரு உயிரியலாளர்கள் அவற்றில் பல பறவைகளே என்று 1945இல் எழுதினார்கள். எளிதில் யாரும் ஏற்கவில்லை; இத்தனை சிறிய உயிர் எப்படி ராடாரில் தெரியும் என்று கேட்டார்கள். பிறகு விடியற்காலைகளில் திரையில் வட்ட வட்டமாக விரிந்த எதிரொலிகளை எரிக் ஈஸ்ட்வுட் என்ற ராடார் ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அடைமரங்களிலிருந்து அலை அலையாகக் கிளம்பும் ஸ்டார்லிங்குகள் அவை. நம் சோளக்குருவியின் உறவுகள். 1967இல் ஈஸ்ட்வுட் ராடார்ப் பறவையியல் பற்றித் தனி நூலே எழுதினார். இரைச்சல் என்று தள்ளப்பட்ட புள்ளிகளிலிருந்து ஒரு துறை பிறந்தது. இன்று வானிலை ராடாரிலிருந்தே ஓர் இரவில் எத்தனை பறவைகள் ஒரு நிலப்பரப்பைக் கடந்தன என்று அமெரிக்காவில் கணிக்கிறார்கள்.

அந்தத் துறைக்குப் பெரிய கருவிகளும் பட்டமும் வேண்டியிருந்தன என்று நீங்கள் நினைக்கலாம். 1952 அக்டோபரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லோவரியும் ராபர்ட் நியூமனும் வட அமெரிக்கா முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டினார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறு தொலைநோக்கியை முழுநிலவின்மேல் திருப்பி வைத்துக்கொண்டு, நிலவின் முகத்தைக் கடக்கும் கறுப்புச் சிறகுகளை எண்ணினார்கள். கடிகாரத்தில் இருப்பதுபோல் எந்த மணியிலிருந்து எந்த மணிக்குப் போயின என்று குறித்தார்கள். பெரும்பாலும் உங்களைப் போன்ற ஆர்வலர்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு கண்டத்தின் இரவு வலசை முதன்முறையாகத் தாளில் தெரிந்தது. 1990களில் செம்பாக் ஆய்வாளர்கள் நிலவு நோக்கலையும் ராடாரையும் தெர்மல் கேமராவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு அமெரிக்காவில் சிட்னி காத்ரோ என்ற பறவை ஆய்வாளரும் உடன் உழைத்தவரும் வானத்தை நேராகப் பார்க்கும் ராடார் ஒன்றையும் தெர்மல் கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ராடார் உயரத்தைச் சொல்லும். கேமரா அது பறவையா, பூச்சியா, வௌவாலா என்று சொல்லும். மேலே நான் சொன்ன தொலைவுச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு அது.

இப்போது நம் வானம். கரைவெட்டியிலும் கூந்தன்குளத்திலும் குளிர்காலத்தைக் கழிக்கும் பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வருபவை. அவற்றின் இனம் இமயத்தை இரவிலும் விடியற்காலையிலும் கடப்பதை, முதுகில் பொருத்திய கருவிகளைக்கொண்டு 2011இல் காட்டினார்கள். பூநாரைகள் நெடும்பயணத்தை இரவில்தான் மேற்கொள்கின்றன. வளைந்த நீள அணியாகப் போகும். இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடுகட்டும் ஆறுமணிக்குருவி மழை முடியும் பருவத்தில் இரவோடு இரவாகத் தெற்கே இறங்குகிறது. அக்டோபர், நவம்பர் காலைகளில் சென்னை அடுக்குமாடிகளின் கீழே களைத்துக் கிடக்கும் அந்தப் பலவண்ணக் குருவியைப் பலர் எடுத்துத் தண்ணீர் கொடுத்திருப்பீர்கள். முந்தைய இரவு உங்கள் தெர்மலில் தனியாகப் போன புள்ளி அதுவாக இருந்திருக்கலாம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. எந்தப் பறவை வந்தது என்பதை வளையம் சொல்லும். எந்த இரவில், எந்த நேரத்தில், எவ்வளவு அடர்த்தியாக வானத்தில் போயின என்பதை அது சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய கருவி உங்கள் மாடியில் இருக்கிறது.

ஆகவே சில வேண்டுகோள்கள். இன்னொரு நண்பரின் கேமராவை உங்கள் கேமராவிலிருந்து 10 மீட்டர் தள்ளி, அதே திசையைப் பார்த்து வையுங்கள். இரண்டிலும் நேரம் விநாடி பிசகாமல் இருக்கட்டும். 50 மீட்டரில் போகும் பொருள் இரு படங்களிலும் ஏறத்தாழ 11 டிகிரி விலகித் தெரியும்; 10 கிலோமீட்டரில் இருப்பது முழுநிலவின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அளவே விலகும். தொலைவு கிடைத்துவிட்டால் வேகம் கிடைக்கும், அளவும் கிடைக்கும். அதன் பிறகும் விளக்க முடியாத ஒன்று எஞ்சினால், அதை முதலில் கேட்க விரும்புகிறவர்களில் நானும் ஒருவன்.

ஒலியை அணைக்காதீர்கள். ஒலிவாங்கி ஒன்றைத் தனியாக வானத்தை நோக்கி வைத்தால் இன்னும் நல்லது. சீழ்க்கைச் சிறகிகள் இருட்டில் சீழ்க்கையடித்துக்கொண்டே போகும், ஆட்காட்டி கத்தும், வக்கா ஒரே ஒரு கரகரத்த குரல் கொடுத்துவிட்டுப் போகும். உருண்டைக்குப் பெயர் தருவது பெரும்பாலும் அந்த ஒரு குரல்தான்.

லேசர் அடிக்காதீர்கள், சக்திவாய்ந்த டார்ச்சை மேலே திருப்பாதீர்கள். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானத்தை நோக்கி ஏற்றப்படும் ஒளித்தூண்களை ஆராய்ந்தவர்கள், ஏழு ஆண்டுகளில் ஏழே இரவுகளில் ஏறக்குறைய 11 லட்சம் பறவைகள் அந்த வெளிச்சத்தால் பாதிக்கப்பட்டதாக 2017இல் எழுதினார்கள். அவை பாதையை விட்டுச் சுழன்று சுழன்று கத்தின. விளக்கை அணைத்த சில நிமிடங்களில் கலைந்து தம் வழியே போயின. தெர்மல் கேமராவின் பெருமையே அது பறவைமேல் எதையும் வீசுவதில்லை என்பதுதான். அந்தப் பெருமையை ஒரு டார்ச்சால் கெடுக்க வேண்டாம். அடைமரங்களும் கூடுகளும் தெர்மலில் எளிதாகக் கண்ணில் படும். அவற்றின் இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள். வேட்டைக்காரர்களும் இதே கருவியை வாங்குகிறார்கள்.

கடைசியாக, கோப்பு. வாட்ஸ்அப்பில் சுருங்கிய பிரதி எதற்கும் உதவாது. கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பை அப்படியே வையுங்கள். அதனோடு ஊர், தேதி, நேரம், கேமரா பார்த்த திசை, லென்ஸின் குவியத்தூரம், விநாடிக்கு எத்தனை பிரேம் என்ற ஆறும் இருக்கட்டும். இனம் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. ‘வாத்து, இனம் தெரியவில்லை’ என்றுகூட இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்யலாம். இதுவரை அழிக்காமல் வைத்திருக்கும் பழைய கோப்புகளையும் திறந்து, மேலே சொன்ன ஆறில் எத்தனை இன்னும் நினைவில் இருக்கின்றனவோ அவற்றை எழுதிச் சேருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய தெளிந்த இரவுகள் வரும்போது கேமராவை வடக்கே திருப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே இரவில் வானம் பார்க்கும் ஒரு பறவை நோக்கர்